திறந்த டிரம்மும் ஐப்பசி மழையும்: ஒரு தோட்டத்து வீட்டில் சேர்த்து வைத்த பழைய இன்ஜின் ஆயில்

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் ஒரு தோட்டத்து வீட்டில் நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள், அது நியாயம்தான். நான் ஒரு வண்டிப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். பழைய ஆயில், பழைய பேட்டரி, ஃபில்டர் எல்லாவற்றையும் பிரித்து, கணக்கு வைத்து, எடுத்துப்போக உரிமம் உள்ளவர்களிடம் ஒப்படைப்பது என் பொறுப்பு. அந்த வீட்டு மகன் எங்களிடம் வண்டி விடுபவர். மழை பெய்த மறுநாள் காலையில் அவர்தான் என்னைக் கூப்பிட்டார்.

சொந்தமாக டிராக்டர் வைத்து, தாங்களே ஆயில் மாற்றிக்கொள்ளும் தோட்டங்கள் நம் பக்கம் ஏராளம். அவற்றில் பலவற்றில் இப்படி ஒரு டிரம் நின்றுகொண்டிருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் படிக்க வேண்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

பின்னணி

பெரியவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர், வீட்டம்மா, மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகிற ஒரு பேரன். தென்னை, மாட்டுக்குச் சோளத்தட்டு, கொஞ்சம் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்). கறவை மாடுகளும் கன்றுகளும் உண்டு. பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறார்கள். வண்டி என்று பார்த்தால் ஒரு டிராக்டர், ஒரு பிக்கப், இரண்டு பைக். எல்லாவற்றுக்கும் ஆயில் மாற்றுவது மகன்தான், வீட்டிலேயே. கைத்தொழில் தெரிந்தவர், சுத்தமாகச் செய்வார்.

டிராக்டருக்கு ஒரு தடவைக்கு ஏழு லிட்டர் போல வரும். பிக்கப்புக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. பைக்குக்கு ஒரு லிட்டருக்கும் உள்ளே. எல்லாம் கூட்டினாலும் வருசத்துக்கு முப்பது லிட்டர் சொச்சம்தான். ஆனால் டிரம்மில் இருந்தது அதைப்போல நாலு மடங்கு. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டியில் இருக்கிற மாப்பிள்ளை ஊருக்கு வரும்போதெல்லாம் கம்ப்ரசர் ஆயிலை ஒரு கேனில் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போவாராம். பெரியவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதையும் வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த மனிதர் அவர்.

பழைய ஆயிலுக்கு அந்த வீட்டில் வேலையும் இருந்தது. கரையான் ஏறாமல் இருக்க மரச்சட்டங்களுக்குப் பூசினார்கள். கதவுக் கீலுக்கு விட்டார்கள். பக்கத்தில் வீடு கட்டியவர்கள் சென்ட்ரிங் தகட்டுக்குப் பூச ஒரு வாளி வாங்கிப் போனார்கள். நாய்க்குச் சொறி வந்தபோது அதற்கும் தடவியிருக்கிறார்கள். ஆனால் இத்தனை வேலைக்கும் வருசத்தில் நாலைந்து லிட்டர்கூடச் செலவாகாது. வரவு முப்பது, செலவு ஐந்து. மிச்சமெல்லாம் டிரம்மில் ஏறிக்கொண்டே போனது.

டிரம் 200 லிட்டர் இரும்பு டிரம். வாளியில் மொள்ள வசதியாக மேல்மூடியை வெட்டி எடுத்திருந்தார்கள். மாட்டுச் சாளையின் ஓரத்தில், தகரச் சீட்டின் வாரத்துக்கு, அதாவது தண்ணீர் வழிகிற கூரை விளிம்புக்குக் கீழே நின்றது. மேலே ஒரு சாக்கும் அதன்மேல் ஒரு பழைய தகரத் துண்டும் கிடக்கும். அந்த இடம் எதற்காக என்று கேட்டேன். டிராக்டர் நிறுத்துகிற இடம் பக்கம், அவ்வளவுதான் காரணம்.

முதலில் கண்டது

ஐப்பசி மாசத்து மழை, ராத்திரி முழுக்கக் காற்றோடு பெய்திருக்கிறது. விடிந்ததும் மாட்டைத் தண்ணீருக்கு அவிழ்த்துவிட்ட வீட்டம்மாதான் முதலில் கவனித்தவர். கட்டுத்தரையை ஒட்டித் தரையோடு தரையாகப் புதைத்த கல்தொட்டி ஒன்று உண்டு. கறவை மாடு தொட்டி வரைக்கும் போய், மூக்கை நீட்டி மோந்துவிட்டு, அப்படியே திரும்பி வந்துவிட்டது. அடுத்த மாடும் அப்படியே. "ராத்திரி பூரா தண்ணி காட்டல, இதுக வாயே வைக்க மாட்டேங்குது, வந்து பாரு சாமி" என்று மகனைக் கூப்பிட்டிருக்கிறார். தண்ணீர்மேல் பல நிறத்தில் பளபளப்பு. தொட்டியின் உள்விளிம்பில் கருப்பாக ஒரு கோடு.

மாடு குடிக்கவில்லை. ஆனால் கட்டவிழ்ந்து திரிந்த ஒரு கன்று டிரம் பக்கத்துக் குழியில் தேங்கியதை நக்கியிருந்தது. அதன் மூஞ்சியும் நாக்கும் கருப்பாக இருந்தன.

நான் போய்ச் சேர்ந்தபோது டிரம் விளிம்பு வரை நிறைந்து நின்றது. அதைப் பார்த்துவிட்டுப் பெரியவர் ஒன்று சொன்னார்: "ஆயில் எங்கியும் போகலீங்க, டிரம்மு ரொம்பித்தான இருக்குது. மேல விழுந்த மழத்தண்ணிதான் வழிஞ்சிருக்கும்." பலரும் இப்படித்தான் நினைப்பார்கள். நடந்தது இதற்கு நேர் எதிர்.

ஆயில் தண்ணீரைவிட இலேசு. மேலே விழுகிற மழைத்தண்ணீர் ஆயிலைத் துளைத்துக்கொண்டு அடிக்குப் போய் உட்கார்ந்துவிடும். உட்கார உட்கார மேலே இருக்கிற ஆயிலைத் தூக்கும். டிரம் நிறைந்ததும் முதலில் வழிவது ஆயில்தான்; தண்ணீர் பத்திரமாக அடியில் இருக்கும். இதைக் கண்ணால் காட்டிவிடுவது நல்லது என்று தோன்றியது. கொத்தனார் மட்டம் பார்க்கிற தெளிந்த குழாய் ஒன்றை அடிவரைக்கும் மெல்ல இறக்கி, மேல்வாயைக் கட்டைவிரலால் அடைத்து வெளியே எடுத்தோம். மேலே ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகமாகக் கருப்பு ஆயில். நடுவில் விரல்கட்டை அளவுக்குக் காப்பி நிறத்தில் கலங்கல். அதற்குக் கீழே ஒரு முழத்துக்கு மேல் தண்ணீர். பெரியவர் குழாயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

கணக்கும் போட்டோம். மழைக்கு முன்னால் டிரம்மில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, 120 லிட்டர் போல இருந்தது என்றார் மகன். மிச்சம் இருந்தது 70. ஆக, 50 லிட்டர் வெளியே போயிருக்கிறது. டிரம் வாயின் அகலத்துக்கு நேராக விழுகிற மழை மட்டும் என்றால், 10 சென்டிமீட்டர் பெய்தாலும் 25 லிட்டர்தான் உள்ளே போகும், வழிந்தே இருக்காது. கூரை வாரத் தண்ணீர்தான் வினை. சீட்டில் வழிகிற தண்ணீர் அந்த வாய்க்குள் விழுந்தால், அதைவிடக் குறைந்த மழைக்கே 130 லிட்டர் சேர்ந்துவிடும். மேலே வைத்திருந்த தகரம் காற்றில் எப்போதோ பறந்து போயிருந்தது.

கன்று

மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் கன்றைப் பார்த்தோம். வயிறு உப்பினால் நல்லெண்ணெய் புகட்டுவது நம் பக்கத்து வழக்கம். மூங்கில் குழாயோடு பெரியவர் தயாராகவே நின்றார். மகன் போனில் கால்நடை மருத்துவரைப் பிடித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, எதையும் வாயில் புகட்டாதீர்கள் என்பதுதான். இப்படிப்பட்ட எண்ணெய்கள் வயிற்றில் செய்கிற கெடுதலைவிட நுரையீரலுக்குள் போனால் செய்கிற கெடுதல் பெரிது. புகட்டும்போது புரையேறினால், அல்லது கன்று கக்கினால், அது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

மூஞ்சியைச் சோப்புத்தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, மேலும் நக்காமல் நிழலில் கட்டி வைத்தார்கள். மருத்துவர் வந்து பார்த்து மருந்து கொடுத்தார். மூச்சையும் இருமலையும் காய்ச்சலையும் கவனிக்கச் சொன்னார். அன்று சாயங்காலமே இருமல் தொடங்கிவிட்டது, காய்ச்சலும் இருந்தது. ஊசி போட்டுக்கொண்டே வந்ததில் ஒரு வாரத்துக்குள் தேறி, தாய்ப்பால் குடிக்க ஆரம்பித்தது. கறவை மாடுகள் வாய் வைக்கவில்லை என்றுதான் தோன்றியது. ஆனாலும் ராத்திரி என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லையே. அதனால் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை சொசைட்டிக்குப் பால் ஊற்றாமல் நிறுத்தினார்கள். கையில் வருகிற காசை விட்டுக்கொடுத்த முடிவு அது, வீட்டம்மா எடுத்தது. அந்த வீட்டில் எனக்கு மிகவும் மரியாதை வந்த இடமும் அதுதான்.

கிணறு

டிரம்மிலிருந்து கல்தொட்டி வழியாக ஓடிய மழைத்தண்ணீர் கிணற்றுமேட்டை ஒட்டித்தான் போகும். முன்பு மாடு பூட்டிக் கவலை இறைத்த பக்கத்தில் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடந்தது. அந்தச் சந்து வழியாகக் கொஞ்சம் உள்ளே இறங்கியிருந்தது. எட்டிப் பார்த்தால் கிணறு முழுக்க வானவில் நிறம். மருமகள் அழுதுவிட்டார்.

எவ்வளவு போயிருக்கும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பல நிறமாகத் தெரிகிற ஆயில் படலம் ரொம்ப மெல்லியது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவிலிருந்து நாலைந்து பங்கு வரைதான் அதன் கனம். இருபதடிக்கு இருபதடி கிணற்றில் அப்படி ஒரு படலம் பரவ ஒரு டம்ளர் ஆயில் போதும். சுவர் ஓரத்தில் கருப்பாகத் திரண்டிருந்ததையும் சேர்த்தால் ஒன்றிரண்டு லிட்டருக்குள் இருக்கலாம் என்று மதிப்பிட்டோம். பயம் கொஞ்சம் தணிந்தது. அதற்காக விட்டுவிடக் கூடிய அளவும் இல்லை அது.

இதற்குள் அக்கம்பக்கத்தார் கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சோப்பு ஆயில் ஊற்றினால் கரைந்துவிடும் என்றார் ஒருவர். கரைந்துதான் போகும், மேலே மிதந்ததை அள்ள முடியாதபடி கிணற்றுத் தண்ணீர் முழுக்கக் கலந்துவிடும். பிளீச்சிங் பவுடர் போடலாம் என்றார் இன்னொருவர். அது கிருமியைக் கொல்லும், ஆயிலை எடுக்காது. மோட்டாரைப் போட்டு மொத்தத்தையும் இறைத்துவிடுங்கள் என்றவர்தான் அதிகம். இறைத்தால் மேலே இருக்கிற படலம் தண்ணீரோடு கீழே இறங்கிக்கொண்டே சுவரெல்லாம் பூசிக்கொண்டு போகும். கடைசியில் மோட்டாருக்குள் ஏறி, அங்கிருந்து தென்னைக்குப் போகும். நீர்மூழ்கி மோட்டார் ஆழத்தில் இருப்பதால் படலத்தை இதுவரை தொட்டிருக்காது. அதனால் மோட்டார் சுவிட்சை அணைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியை வீட்டம்மாவிடம் கொடுத்தோம். மழைக்காலம் என்பதால் தென்னை காத்திருக்கும். குடிக்கப் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

மிதப்பதை உறிஞ்சி எடுப்பது என்று முடிவு. திருப்பூர்ப் பக்கம் என்பதால் பனியன் வேஸ்ட் மூட்டை கணக்கில் கிடைக்கும். முதலில் அதைத்தான் இறக்கினார்கள். அது தண்ணீரைக் குடித்துக் கனத்து மூழ்கிவிட்டது, ஆயில் அப்படியே நின்றது. வெளுத்துச் சாயம் போட்ட துணியில் பஞ்சின் இயல்பான மெழுகு போயிருக்கும். அதனால் தண்ணீரைத்தான் முதலில் குடிக்கும். பிறகு வெள்ளகோவில் பக்கத்து ஸ்பின்னிங் மில்லிலிருந்து வெளுக்காத கழிவுப் பஞ்சு வாங்கி வரச் சொன்னேன். வெளுக்காத பஞ்சு தண்ணீரில் மிதக்கும், ஆயிலை இழுத்துக்கொள்ளும். பழைய கொசுவலையை நீளமாகக் கிழித்து, பஞ்சை உள்ளே வைத்து மலைப்பாம்பு கனத்துக்குச் சுருட்டித் தைத்தார் மருமகள். இரண்டு முனையிலும் கயிறு கட்டி, எதிரெதிர்ச் சுவரோரம் இரண்டு பேர் நின்று, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாக இழுத்தார்கள். படலம் அதற்கு முன்னால் ஒதுங்கி ஒதுங்கி ஒரு மூலையில் சேர்ந்தது. மகன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு படி வழியாக இறங்கி, மூலையில் திரண்டதைப் பஞ்சால் ஒற்றி எடுத்து வாளியில் போட்டார். சுவரில் ஒட்டியதையும் துடைத்தார். இழுத்துக் கசங்கிய சுருளை மாற்றி மாற்றி அடுத்த நாளும் இதே வேலை. கடைசியில் காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தாலும் நிறம் தெரியவில்லை.

சுவரின் இடிந்த பக்கத்தை அன்றே மண்மூட்டை அடுக்கி அடைத்தார்கள், பிறகு கட்டினார்கள்.

தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்தால் ஆயில் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், முடிவு குறைத்துக் காட்டும். கண்ணாடி பாட்டில் வேண்டும். அதே தண்ணீரில் முதலில் அலசவும் கூடாது. நேராக மொண்டு மூடிவிட வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐ.எஸ். 10500, தாது எண்ணெய் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. அவர்களுடைய தண்ணீர் அதற்குள் இருந்தது. அதன்பிறகுதான் மோட்டார் சாவி திரும்பக் கைக்கு வந்தது.

மண்

போன 50 லிட்டரில் பெரும்பகுதி டிரம்மைச் சுற்றியிருந்த குழியிலும் கட்டுத்தரை மண்ணிலும்தான் இறங்கியிருந்தது. தேங்கி நின்றதை முறத்தால் அள்ளி மூடியுள்ள கேனில் சேர்த்தோம். ஈரமாக மினுங்கிய இடத்தில் காங்கேயத்து ரைஸ்மில் உமியைக் கொட்டி, உறிஞ்சியதும் கூட்டி அள்ளினோம்.

எவ்வளவு ஆழம் தோண்டுவது என்பதற்கு மகனே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு பிடி மண்ணைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி வைப்பார். மேலே நிறம் ஆடினால் இன்னும் கொஞ்சம் தோண்டுவார், ஆடாவிட்டால் நிறுத்துவார். குழியில் இரண்டு சாண் வரை போக வேண்டியிருந்தது. ஓடிய வழியில் விரற்கடை அளவு சுரண்டியதே போதுமாக இருந்தது.

தோண்டிய மண்ணை எங்கே கொண்டுபோவது? ஆபத்தான கழிவுக்கான நிலநிரப்புத் தளம் கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில்தான் இருக்கிறது. ஒரு வீட்டுக்காரர் மூட்டை மண்ணை அங்கே கொண்டுபோவது நடக்கிற காரியமில்லை. ஆயிலின் பெரும்பகுதியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றும் ஈரமும் தழைச்சத்தும் கிடைத்தால் மெல்ல மெல்லத் தின்றுவிடும். அதனால் கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்டாத மேட்டில் தடித்த தார்ப்பாய் விரித்து, சுற்றி வரப்புக் கட்டி, லேசான பகுதியை எருவோடு கலந்து பரப்பினார்கள். மேலே சீட்டுக் கூரை, அவ்வப்போது கிளறி விடுவது. ஆயிலோடு வந்த உலோகத்தை நுண்ணுயிர் ஒன்றும் செய்யாது என்பதால், அந்த மண்ணில் தீவனமோ காயோ போடுவதில்லை என்று முடிவானது. குழியின் அடியிலிருந்து வந்த கருத்த மண்ணைத் தனியாக மூட்டை கட்டினார்கள்.

டிரம்மை எடுக்க ஆள் தேடியது

டிரம்மில் மிஞ்சிய 70 லிட்டரை உடனே ஒழித்துக்கட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். மினி ஆட்டோவில் சுற்றி வந்து பழைய ஆயில் எடுப்பவர் ஒருவர் கிடைத்தார். எதையும் பார்க்காமல், கேட்காமல், கையில் காசு கொடுத்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். மகனுக்குச் சம்மதம்தான். எங்கே போகிறது, பதிவுச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். ஏதோ ஒரு பாய்லருக்கு எரிக்கப் போகிறது, சீட்டெல்லாம் இல்லை என்றார். சரியான சூடும் புகை வடிகட்டியும் இல்லாத அடுப்பில் பழைய ஆயிலை எரித்தால் அதிலிருக்கும் ஈயமும் துத்தநாகமும் புகையோடு யாரோ ஒருவர் வீட்டுக் கூரைமேல்தான் இறங்கும். இன்னொரு வழியும் உண்டு: கருப்பை மட்டும் வெளுத்து, பழைய பிராண்டு கேனில் அடைத்துப் புது ஆயில் என்று விற்பது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம்.

இங்கே பெரியவருக்குக் கொஞ்சம் கோபம். "எங்கப்பாரு காலத்துல இருந்து மரத்துக்குப் பூசறோம், நாய்க்குத் தடவறோம். ஒண்ணும் ஆகல. இப்ப என்னமோ வெசம்ங்கறீங்க" என்றார். நியாயமான கேள்வி. புது ஆயிலுக்கும் ஓடிய ஆயிலுக்கும் வித்தியாசம் உண்டு. இன்ஜினுக்குள் சூட்டில் வெந்து, எரிந்த எரிபொருளின் கரியும் தேய்ந்த உலோகத்தின் பொடியும் சேர்ந்துதான் அது கருப்பாகிறது. அந்தக் கரியில் புற்றுநோய் வரவழைக்கும் பொருட்கள் உண்டு. பெட்ரோல் இன்ஜினில் ஓடிய ஆயிலை ஆய்வுக்கூடத்தில் எலிகளின் தோலில் திரும்பத் திரும்பப் பூசியபோது கட்டி வந்திருக்கிறது. நாய் பூசியதை நக்கவும் செய்யும். இதையெல்லாம் அவர் பேசாமல் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் மனசு மாறியது நொய்யல் ஆற்றின் பேச்சு வந்தபோதுதான். 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதிலாகச் சாயத்தண்ணீர் தேங்கும் இடமாகிப் போனதை அவர் கண்ணால் பார்த்தவர். கீழ்ப்பக்கத்து விவசாயிகள் நீதிமன்றம் போய், 2011ல் சாயப்பட்டறைகளை மூட உத்தரவு வந்தது வரைக்கும் தேதியோடு சொன்னார். பிறகு கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அவங்க தப்புன்னு பேசுனோம். இது நம்ம கெணறு" என்றார்.

அடுத்து எங்கள் பட்டறைக்கு வருகிற, பதிவு பெற்ற சேகரிப்பாளரைக் கூப்பிட்டோம். அவர் ஒரு குச்சியை விட்டு எடுத்து மோந்து பார்த்தவுடன் தலையை ஆட்டினார். பெயிண்ட் தின்னர் வாடை. விசாரித்தால், வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது மிஞ்சிய தின்னர், பாகம் கழுவிய மண்ணெண்ணெய், பிக்கப்பின் இன்ஜினைக் குளிர்விக்கிற கூலண்ட், பிரேக் ஆயில் எல்லாம் அதே டிரம்முக்குத்தான் போயிருக்கிறது. "எப்படியும் வேஸ்ட்டுதான்னு ஊத்தினேங்க" என்றார் மகன்.

இந்த ஒரு பழக்கம்தான் அந்த ஆயிலின் வழியை அடைத்தது என்பது என் முடிவு. இன்ஜினில் ஓடிய ஆயில் செத்துப்போன பொருள் இல்லை. தண்ணீரையும் இலேசான எரிபொருளையும் சூட்டில் ஓட்டி, வெற்றிடத்தில் வடித்துச் சுத்தம் செய்தால் மறுபடி மசகு ஆயிலுக்கு மூலப்பொருளாகும். அதற்கு அனுப்பத் தகுதி வேண்டும்: 2016ன் ஆபத்தான கழிவு விதிகள் மறுசுத்திகரிப்புக்குப் போகும் ஆயிலில் ஈயம் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு), ஆர்சனிக் 5 பிபிஎம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. தின்னரும் கூலண்டும் கலந்த ஆயிலைச் சுத்திகரிப்பு ஆலை வாங்காது. தீப்பிடிக்கும் சூடு இறங்கிவிடும், வடிக்கிற கலமும் கெட்டுப்போகும். கலக்காமல் மூடி வைத்திருந்தால் காசு கொடுத்து எடுத்துப் போயிருப்பார். கலந்துவிட்டதால் சிமெண்ட் சூளையில் மிகுந்த சூட்டில் எரிப்பதற்கு அனுப்பும் கழிவாகத்தான் ஏற்றுக்கொள்ள முடிந்தது. அதற்கும் அந்தக் குடும்பம்தான் வண்டிக்கூலி கொடுத்தது. டிரம்மின் அடித்தண்ணீரும் கிணற்றுப் பஞ்சும் உமியும் அதோடே போயின. ரசீது வாங்கி வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு

இப்போது அந்த வீட்டில் டிரம் கிடையாது. மாப்பிள்ளையிடம் கம்ப்ரசர் ஆயிலைக் கொண்டுவர வேண்டாம் என்று பெரியவரே சொல்லிவிட்டார். ரிக் வைத்திருப்பவர்களுக்கு அங்கேயே எடுக்க ஆள் உண்டு.

ஆயில் மாற்றும்போது அகலத் தட்டில் இறக்கி, ஆறியபின் புனல் வைத்து, புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி மூடி போட்டு இறுக்குகிறார்கள். கேன்மேல் பெயிண்டில் 'பழைய ஆயில்' என்று எழுதியிருக்கிறது. பேரன் வீட்டில் இருப்பதால் குடிநீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றுவதே இல்லை என்பதில் மருமகள் கண்டிப்பு. ஃபில்டரை ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்து வடிய விடுகிறார்கள். கேன் நிற்பது கூரை வாரத்துக்கு உள்ளே, சிமெண்ட் தரையில், ஒரு தகரத் தட்டின்மேல். பக்கத்தில் ஒரு சாக்கு உமி. கூலண்டுக்கும் தின்னருக்கும் வேறு வேறு கேன். அடுத்த முறை பாகம் வாங்கப் பட்டறைக்கு வரும்போது ஆயில் கேனும் கூடவே வருகிறது. எங்கள் மூடிய டிரம்மில் ஊற்றி, கேனில் ஆணி அடித்து ஓட்டை போட்டுவிடுகிறோம், மறுபடி யாரும் அதில் எதையும் அடைத்து விற்காதபடி.

கரையானுக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் பூசிப் பார்க்கிறார்கள். நாயை மருத்துவரிடம் காட்டினார்கள்.

மாற வேண்டியது

இதே போல வேறொரு வீட்டில் நடந்தால் நான் முதலில் சொல்வது, வரிசையை மாற்றாதீர்கள் என்பதுதான். முதலில் உயிர், அப்புறம் கிணற்று மோட்டாரை நிறுத்துவது, அப்புறம் வழிவதைத் தடுப்பது, கடைசியில்தான் டிரம். இங்கே கன்று பிழைத்ததற்கும் கிணறு தப்பியதற்கும் முதல் அரைமணி நேரத்தில் எதையெல்லாம் செய்யாமல் விட்டார்கள் என்பதே காரணம்: புகட்டவில்லை, சோப்பு ஊற்றவில்லை, இறைக்கவில்லை.

டிரம் வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள் இன்றைக்கே செய்யக் கூடியது, கொத்தனார் குழாயை இறக்கி அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அது ஏற்கெனவே ஒருமுறை வழிந்திருக்கக் கூடும்.

வீட்டுக்காரர்மேல் மட்டும் பாரத்தைப் போடுவதும் சரியில்லை. பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும் எடுத்துப்போக ஆள் வருவார், உரிமம் உண்டு, கணக்கு உண்டு. ஏழு லிட்டர் வைத்திருக்கிற விவசாயி வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். 2023ல் திருத்திய விதிகள்படி 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய ஆயிலைத் திரும்பச் சேகரிப்பதற்குப் பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பொறுப்பு ஆயில் விற்கிற கடை வரைக்கும் இறங்கி வர வேண்டும் என்று விரும்புகிறேன். புது கேன் வாங்கும் கடையிலேயே பழைய கேனைக் கொடுத்துவிட்டு வர முடிந்தால் இந்த டிரம்களில் முக்கால்வாசி இருக்காது. அதுவரை ஊருக்கு ஒரு பட்டறையாவது வாடிக்கையாளரின் பழைய ஆயிலை வாங்கி வைத்துக்கொள்ளலாம். எங்கள் பட்டறையில் இப்போது யார் கொண்டுவந்தாலும் வாங்குகிறோம், கலக்காமல் இருந்தால்.

மேட்டில் பரப்பிய மண்ணில் வாடை பெரும்பாலும் போய்விட்டது. டம்ளரில் குலுக்கினால் இன்னும் லேசாக நிறம் காட்டுகிறது, அதனால் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். குழியடியிலிருந்து எடுத்த கருத்த மண்மூட்டைகள் சாளைக்குள் பலகைமேல் தார்ப்பாய் மூடி இருக்கின்றன. சேகரிப்பாளர் சூளைக்கு அனுப்பும் அடுத்த லோடில் இடம் இருந்தால் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.